இயங்குதளங்களில் கோப்பு அணுகல் இசைவு: மல்டிக்ஸ் முதல் ஆண்ட்ராய்டு வரை ஓர் ஒப்பீட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் எந்தக் கோப்பை எவர் படிக்கலாம், எவர் மாற்றலாம் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு இயங்குதளத்தைச் சார்ந்தது. மல்டிக்ஸ், யூனிக்ஸ், வி.எம்.எஸ்., விண்டோஸ் என்.டி., லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை அப்பொறுப்பை நிறைவேற்றிய முறைகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஒப்பிடுகிறது. நுட்பமான பெயர்ப்பட்டியல் முறை முதலில் தோன்றிற்று. பருமட்டான பிட் முறை அதற்குப் பின் வந்து பரவிற்று. இவ்விரு முறைகளும் ஒரே எடுகோளின்மீது நின்றன. ஒரு நிரல், தன்னை இயக்குபவரின் இசைவு முழுவதையும் பெற்றுச் செயல்படும் என்பதே அவ்வெடுகோள். அது தளர்ந்ததே பிற்கால மாற்றங்களுக்குக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், கோப்பு, அணுகல் இசைவு, கட்டுப்பாட்டுப் பட்டியல், யூனிக்ஸ், மல்டிக்ஸ், ஆண்ட்ராய்டு

முன்னுரை

ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு யார் மேசைக்குச் செல்லலாம், யார் அதில் குறிப்பெழுதலாம், யார் கையொப்பமிடலாம் என்பதற்கு நடைமுறை உண்டு. கணினிக் கோப்புக்கு அந்நடைமுறையை வகுப்பது இயங்குதளம். தொடக்கக் கணினிகளில் இதற்குத் தேவை எழவில்லை. ஒருவர் தம் துளையட்டைக் கட்டையும் காந்த நாடாவையும் கையில் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் எடுத்துச் சென்றார். பலர் ஒரே கணினியை ஒரே பொழுதில் பயன்படுத்தவும், அனைவரின் தரவும் ஒரே வட்டில் நிலையாகத் தங்கவும் தொடங்கிய பின்னரே 'இக்கோப்பு யாருடையது?' என்னும் வினா பிறந்தது.

பாடநூல்கள் இவ்வரலாற்றைப் பெரும்பாலும் ஏணிப்படிபோல் காட்டுகின்றன. முதலில் யூனிக்சின் ஒன்பது பிட். பிறகு அதன் குறைதீர்க்க வந்த கட்டுப்பாட்டுப் பட்டியல். அதன் பிறகு கட்டாயக் கட்டுப்பாடு. கற்பிப்பதற்கு இவ்வரிசை எளிது. ஆனால் ஆண்டுகளோடு பொருந்தவில்லை. கட்டுப்பாட்டுப் பட்டியல் 1965இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. யூனிக்ஸ் அதை அறியாமல் எளிய முறையை மேற்கொள்ளவில்லை, அறிந்தே கைவிட்டது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. இத்துறைத் தமிழில் 'அனுமதி', 'உரிமை', 'இசைவு' ஆகிய மூன்றும் ஒன்றற்கு ஒன்று மாற்றாக வழங்குகின்றன. 'உரிமை' ஒருவருக்கு இயல்பாய் அமைந்தது என்ற பொருளைத் தருகிறது. 'இசைவு' மற்றொருவர் தருவது, திரும்பப் பெறத்தக்கது. கோப்பைப் பொறுத்தவரை இவ்வேறுபாடே சிக்கலின் மையமாதலால், உடைமையைக் குறிக்க 'உரிமையாளர்' என்றும், படித்தல் எழுதுதல் முதலியவற்றைக் குறிக்க 'இசைவு' என்றும் இங்கு ஆளப்படுகிறது.

நேரப்பகிர்வும் முதல் கசிவுகளும்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு இயங்குதளம் 1961 நவம்பரில் செயல்விளக்கம் பெற்றது. பயனர் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் வழங்கும் வழக்கம் இதிலிருந்தே பரவியதாகக் கருதப்படுகிறது. கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரு கோப்பில் இருந்தன. அக்கோப்பை யார் காப்பது?

1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர் தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமல், கடவுச்சொற் கோப்பை அச்சிட்டுத் தருமாறு ஒரு துளையட்டையில் வேண்டுகோள் எழுதிக் கொடுத்தார். கணக்கு எண்ணும் கோப்புப் பெயரும் இருந்தால் கோப்பைத் தாளில் அச்சிட்டுத் தரும் வசதி அங்கு இருந்தது. மறுநாள் அனைவரின் கடவுச்சொல்லும் அவர் கைக்கு வந்தது. இதனைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவரே வெளிப்படுத்தினார்.

அதே கணினியில் 1960களில் நிகழ்ந்த மற்றொன்றில் குற்றவாளி எவரும் இல்லை. ஒரு நிருவாகி கடவுச்சொற் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றொருவர், உள்நுழையும் பயனர்களுக்குக் காட்டப்படும் அன்றாட அறிவிப்பைத் திருத்தினார். இருவரும் ஒரே அடைவில் இருந்தனர். தொகுப்பி நிரலோ ஓர் அடைவில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலைசெய்வார் என்று கொண்டு, தன் இடைக்காலக் கோப்புக்கு மாறாத பெயர் ஒன்றையே வைத்திருந்தது. இரண்டும் இடம்மாறின. உள்நுழைந்த ஒவ்வொருவர் முனையத்திலும் அனைவரின் கடவுச்சொற்களும் அச்சாயின.

இவ்விரு நிகழ்வுகளும் கடவுச்சொல்லின் வலுவின்மைக்குச் சான்றாகவே பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அணுகல் இசைவின் வரலாற்றில் அவற்றின் பொருள் வேறு. முதலாவதில் அச்சிடும் பணி, கேட்டவர் யார் என்று பாராது தன் சொந்த வலிமையைக் கொண்டு கோப்பைத் திறந்தது. இரண்டாவதில் தொகுப்பி, இரு நிருவாகிகளின் இசைவோடும் முறையாகவே இயங்கியது. இரண்டிலும் தவறு மனிதருக்கும் கோப்புக்கும் இடையே நின்ற நிரலில் இருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளின் முறைகளோ பெரும்பாலும் மனிதரையும் கோப்பையும் மட்டுமே கணக்கிட்டன.

மல்டிக்ஸ்: பட்டியல் முதலில் வந்தது

சி.டி.எஸ்.எஸ். தந்த பட்டறிவோடு அக்கழகமும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வகமும் இணைந்து மல்டிக்சைத் தொடங்கின. அதன் கோப்பு முறைமையை விளக்கி ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் 1965இல் வெளியிட்ட கட்டுரை, அடைவுக்குள் அடைவு என்னும் படிநிலை அமைப்பையும், கோப்புதோறும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் என்பதையும் சேர்த்தே முன்வைத்தது. பட்டியலின் ஒவ்வொரு பதிவும் ஒரு பயனரின் பெயரையும் அவருக்குரிய இசைவுகளையும் கொண்டது. அவ்வடிவமைப்பில் ஐந்து பண்புகள் இருந்தன: படித்தல், இயக்குதல், எழுதுதல், இறுதியில் சேர்த்தல், பொறி. ஐந்தாவதான பொறி வியப்பூட்டுவது. ஒருவர் கோப்பைத் தொட்டதும் முன்குறித்த ஒரு நிரற்கூறு இயங்கி, அணுகலை விடுவதா என்பதை முடிவுசெய்யலாம். இன்றைய இயங்குதளங்கள் பல அடுக்குகளைக் கொண்டு செய்வதை 1965இன் வரைவு ஒரு பண்பாகவே எண்ணிப் பார்த்திருந்தது.

நடைமுறைக்கு வந்த மல்டிக்சில் பயனர் பெயர் ஆள், திட்டம், குறி என்ற மூன்று உறுப்புகளைக் கொண்டது. எந்த உறுப்பின் இடத்திலும் உடுக்குறி இட்டு 'எவராயினும்' எனக் குறிக்கலாம். குறிப்பிட்ட ஒருவருக்கு வெற்று இசைவும் அவர் திட்டத்தினர் அனைவருக்கும் படிக்கும் இசைவும் அளித்தால், அவரொருவர் மட்டும் விலக்கப்படுவார். கோப்புகளுக்குப் படித்தல், இயக்குதல், எழுதுதல் என மூன்றும், அடைவுகளுக்கு நிலையறிதல், மாற்றுதல், சேர்த்தல் என வேறு மூன்றும் வழங்கின. கோப்புக்கும் அடைவுக்கும் தனித்தனிச் சொற்கள் என்பது சிறு செய்திபோல் தோன்றும். யூனிக்ஸ் இவ்விரண்டையும் ஒரே எழுத்துகளில் அடக்கியதால் விளைந்த குழப்பத்தைக் காணும்போதே இதன் அருமை புலப்படும்.

மல்டிக்சின் மற்றொரு சிறப்பு, இசைவைத் திரும்பப் பெறுதல் உடனே பலித்தது. கோப்பு அங்கு நினைவகத்தின் ஒரு கூறாக நிரலின் முகவரிப் பரப்பில் அமர்ந்தது. ஒவ்வொரு தொடுகையையும் வன்பொருளே சரிபார்த்தது. பட்டியல் மாறினால் பழைய விவரிப்பிகள் செல்லாதனவாகும். அடுத்த தொடுகையில் இசைவு புதிதாகக் கணக்கிடப்படும். யூனிக்சிலோ சரிபார்ப்பு கோப்பைத் திறக்கும்போது ஒருமுறை நிகழ்வதோடு சரி. திறந்தபின் இசைவு நீக்கப்பட்டாலும், கையில் கோப்பை வைத்திருக்கும் நிரல் தொடர்ந்து படிக்கலாம்.

பெல் ஆய்வகம் 1969இல் இத்திட்டத்திலிருந்து விலகியது. மல்டிக்ஸ் அதனால் மறைந்துவிடவில்லை. அமெரிக்க அரசின் பாதுகாப்பு மதிப்பீட்டில் 1985இல் பி2 தகுதி பெற்றது. அதன் கடைசிக் கணினி கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில் 2000 அக்டோபர் 30 அன்றுதான் நிறுத்தப்பட்டது. மல்டிக்சைத் தோல்வியென ஒரு வரியில் கடக்கும் நூல்கள் இச்செய்தியைக் கூறுவதில்லை.

யூனிக்ஸ்: ஒன்பது பிட்டுகளின் வெற்றி

மல்டிக்சிலிருந்து வெளியேறிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், சிறிய கணினியில், ஒருவரையொருவர் அறிந்த சிலருக்காக எழுதப்பட்டது. 1971 நவம்பரில் வெளியான முதற்பதிப்புக் கையேட்டின்படி இசைவுக்குரிய பிட்டுகள் ஆறு மட்டுமே: உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம், பயனர் அடையாளத்தை மாற்றி இயக்கலாம். குழு என்பதே அப்போது இல்லை. 1974இல் இருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் பிட்டுகள் ஏழாயின. இயக்கும் இசைவு உரிமையாளருக்கும் மற்றவருக்கும் தனித்தனியே பிரிந்தது. அதே கட்டுரையின் 1978ஆம் ஆண்டுத் திருத்த வடிவத்தில் பத்து. இடைப்பட்ட காலத்தில் குழு நுழைந்துவிட்டது. ஆகவே 'உரிமையாளர், குழு, பிறர்' என்னும் மூவகைப் பிரிவு தொடக்கத்திலேயே சிந்தித்து வகுத்த தத்துவம் அன்று. அது படிப்படியாகச் சேர்ந்தது.

மூன்று வகையினர், ஒவ்வொருவருக்கும் மூன்று இசைவு, ஆக ஒன்பது பிட். எண்ணடிமானத்தில் மூன்றே இலக்கங்கள். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், ஏனையோர் படிக்கலாம். கோப்பின் விவரப் பதிவில் இது 16 பிட் சொல்லொன்றில் மற்றக் குறிப்புகளோடு அடங்கிவிட்டது. பட்டியலுக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் நீளத்தைப் பற்றிக் கவலையுமில்லை. இடச்சிக்கனத்தைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. ஓர் அடைவின் கோப்புகளை வரிசையிட்டால் ஒவ்வொன்றின் இசைவும் அதே வரியில் பத்தெழுத்துக்குள் தெரிகிறது. நிருவாகி பார்வையை மேலிருந்து கீழே ஓட்டித் தவறான ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வகுத்த பாதுகாப்பு நெறிகள் எட்டனுள் முதலாவது பொறியமைப்பின் எளிமையைப் பற்றியது. மல்டிக்சில் உழைத்த அவ்விருவரின் நெறியை, அவர்கள் அமைப்பினும் யூனிக்சே கண்ணுக்குத் தெரியும்படி கடைப்பிடித்தது என்பது சற்றே முரணான செய்தி.

எளிமைக்கு விலையும் இருந்தது. இசைவைக் கணக்கிடும்போது யூனிக்ஸ் மூன்று வகைகளில் ஒன்றை மட்டுமே பார்க்கும். உரிமையாளராயின் அவருக்குரிய மூன்று பிட், இல்லையெனில் குழு, அதுவும் இல்லையெனில் பிறர். 604 என்று அமைந்த கோப்பை உலகமே படிக்கலாம், அக்குழுவினரைத் தவிர! மல்டிக்சில் ஒருவரை விலக்க ஒரு பதிவு போதும். யூனிக்சில் விலக்கத் தக்கவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்க வேண்டும். குழுவை அமைக்கும் அதிகாரமோ கோப்பின் உரிமையாளரிடம் இல்லை, நிருவாகியிடம் இருந்தது. இரு பேராசிரியர்கள் ஒரு கட்டுரையைச் சேர்ந்தெழுதக் கணினி நிருவாகியின் தயவை நாட வேண்டிய நிலை இதனால் எழுந்தது. 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி., ஒருவர் ஒரே வேளையில் பல குழுக்களில் இருக்க வழிசெய்து இக்குறையை ஓரளவு தணித்தது.

நீக்குதலைப் பொறுத்தும் யூனிக்சின் போக்கு தனித்தன்மையுடையது. கோப்பை நீக்கும் இசைவு கோப்பில் இல்லை. அதைத் தாங்கும் அடைவின் எழுதும் இசைவில் உள்ளது. எழுத முடியாத கோப்பை நீக்க முடியும் என்பது புதிதாகக் கற்போரை இன்றும் திகைக்க வைக்கிறது. அனைவரும் எழுதக்கூடிய பொது இடைக்கால அடைவில் ஒருவர் கோப்பை மற்றொருவர் நீக்கிவிடலாம் என்ற நிலைக்கு, 4.3 பி.எஸ்.டி. 1986இல் அடைவுக்கான 'ஒட்டும் பிட்' மூலம் தடையிட்டது. அந்தப் பிட் முதலில் வேறொரு வேலைக்காக வைக்கப்பட்டது. நிரலை நினைவகப் பரிமாற்றப் பகுதியிலேயே தங்கவைப்பது அதன் பழைய பணி. இடம் காலியானதும் குடிபுகுந்தது புதிய பொருள்.

யூனிக்சின் உண்மையான கண்டுபிடிப்பு ஒன்பது பிட்டுகளில் இல்லை; அடையாளம் மாற்றி இயக்கும் பிட்டில் உள்ளது. விளையாட்டு நிரல் ஒன்று அனைவரின் மதிப்பெண்களையும் ஒரு கோப்பில் எழுத வேண்டும். ஆடுவோர் அக்கோப்பைத் தாமே திருத்தக்கூடாது. இத்தகைய சிக்கலுக்கு ரிச்சி கண்ட தீர்வு: நிரல் இயங்கும்வரை, இயக்குபவரின் இசைவுக்குப் பதிலாக நிரல் உரிமையாளரின் இசைவு செல்லும். ஒருவர் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்வது இதனால் இயன்றது. 1973இல் விண்ணப்பித்து 1979இல் பெற்ற இதற்கான காப்புரிமை பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. நிரலுக்கெனத் தனி இசைவு வேண்டும் என்பதை யூனிக்ஸ் ஒப்புக்கொண்ட ஒரே இடம் இது. ஆனால் அந்நிரலில் ஒரு பிழை இருந்தால், பிழையைக் கண்டவருக்கு உரிமையாளரின் வலிமை முழுவதும் கிட்டிவிடும். உரிமையாளர் முதன்மைப் பயனராயின் கணினியே கிட்டிவிடும்.

வி.எம்.எஸ்., டாஸ், விண்டோஸ் என்.டி.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் வெளியிட்ட வி.எம்.எஸ்., யூனிக்சுக்கு இணையான பிட் முறையையே கொண்டது. ஆயினும் வகையினர் நால்வர்: அமைப்பு, உரிமையாளர், குழு, உலகு. இசைவும் நான்கு: படித்தல், எழுதுதல், இயக்குதல், நீக்குதல். நீக்குதல் இங்குக் கோப்பின் சொந்தப் பண்பு. கட்டுப்பாட்டுப் பட்டியல் இதில் 1980களில் பின்னர்ச் சேர்ந்தது. பிட்டுகளால் ஆகாதபோது பட்டியலுக்குச் செல்வது என்ற கலப்பு வழியை வி.எம்.எஸ். முன்கூட்டியே மேற்கொண்டது.

மேசைக் கணினிகளின் கதை தனி. 1981இல் வந்த எம்.எஸ்.-டாசுக்குப் பயனர் என்ற கருத்தே கிடையாது. அதன் கோப்புகள் 'படிக்க மட்டும்', 'மறைவு', 'அமைப்பு', 'காப்பகம்' என்ற குறிகளைத் தாங்கின. அவை எவரையும் தடுக்கவில்லை, கவனமின்மையைத் தடுத்தன. கணினி ஒருவருடையது, அறைக் கதவே அதன் காவல் என்ற நிலையில் இது குறையும் அன்று. குறை, அக்கணினிகள் இணையத்தோடு சேர்ந்தபோது தொடங்கியது.

வி.எம்.எசை உருவாக்கியோருள் முதன்மையானவரான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாப்டில் சேர்ந்தார். அவர் தலைமையில் 1993 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் என்.டி., பட்டியலை ஒட்டுச்சேர்க்கையாகக் கொள்ளாமல் அடித்தளமாகவே கொண்டது. ஒவ்வொரு பதிவும் இசையலாம் அல்லது மறுக்கலாம். பதிவுகள் வரிசைப்படி பார்க்கப்படும். இசைவின் பட்டியல் 32 பிட் அளவுக்கு விரிந்தது. இசைவை மாற்றும் இசைவு, உடைமையைக் கைக்கொள்ளும் இசைவு ஆகியவையும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. ஆற்றலில் மல்டிக்சையும் விஞ்சியது எனலாம்.

ஆனால் படித்துப் புரிந்துகொள்வது கடினம். பட்டியலே இல்லாத கோப்பை எவரும் அணுகலாம். வெற்றுப் பட்டியல் உள்ள கோப்பை எவரும் அணுக முடியாது. பேச்சு வழக்கில் ஒன்றெனத் தோன்றும் இரண்டு நிலைகள் நேர்மாறான பொருள் தருகின்றன. மறுப்பு இசைவை வெல்லும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. எனினும் மேலடைவிலிருந்து மரபுவழி வந்த மறுப்பு, கோப்பிலேயே நேராக எழுதப்பட்ட இசைவுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். ஆகவே அந்த இசைவே வெல்லும். இத்தகைய நுணுக்கங்களை அறியாத நிருவாகி 'அனைவருக்கும் முழு இசைவு' என்று எழுதிச் சிக்கலை முடித்துக்கொள்ள நாடுவது இயல்பு. அவ்வாறு எழுதப்பட்ட நுட்பமான பட்டியல், யூனிக்சின் பருமட்டான ஒன்பது பிட்டினும் குறைவாகவே காக்கும்.

வீட்டுக் கணினிகளுக்கு இந்த அடித்தளம் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. நிறுவும்போது உருவாகும் பயனர் கணக்குகள் நிருவாகிக் கணக்குகளாகவே அமைந்தன. பழைய நிரல்கள் எங்கும் எழுதலாம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது அதற்கு ஒரு காரணம். பட்டியல் இருந்தது, அதற்கு வேலை இல்லை. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, நிருவாகியும் பொதுப் பயனராகவே இயங்கி, வேண்டும்போது மட்டும் வலிமை பெறுமாறு மாற்றியது.

யூனிக்சுக்குத் திரும்பிய பட்டியல்

1980களிலும் 1990களிலும் யூனிக்ஸ் வணிகர்கள் தத்தமக்கென வெவ்வேறு பட்டியல்களைச் சேர்த்தனர். அவற்றை ஒருமைப்படுத்த முயன்ற போசிக்ஸ் 1இ வரைவு முற்றுப்பெறாமல் 1998இல் கைவிடப்பட்டது. தரநிலை ஆகாத அவ்வரைவே பின்னர் லினக்சில் வாழ்வு பெற்றது. ஆந்திரேயாஸ் குருயென்பாகர் முதலியோர் எழுதிய செயலாக்கம் 2002இல் வளர்நிலைக் கெர்னலிலும், 2003 டிசம்பரில் 2.6 பதிப்பிலும் இடம்பெற்றது.

இங்கு எழுந்த சிக்கல் ஆழமானது. ஒன்பது பிட்டை மட்டுமே அறிந்த எண்ணற்ற பழைய நிரல்கள் வழக்கிலிருந்தன. அவற்றுள் ஒன்று கோப்பை 600 என மாற்றினால், அதை எழுதியவரின் கருத்து 'என்னைத் தவிர எவரும் வேண்டாம்' என்பதே. பட்டியலில் பெயர் உள்ள நால்வர் அப்போதும் படிக்க முடிந்தால் அது துரோகம். எனவே வரைவு 'முகமூடி' என்ற பதிவைப் புகுத்தியது. பட்டியல் உள்ள கோப்பில் நடு மூன்று பிட்டுகள் குழுவின் இசைவைக் குறிப்பதில்லை. பெயர் சுட்டப்பட்டோரும் குழுவினரும் பெறக்கூடிய உச்ச எல்லையைக் குறிக்கின்றன. 600 என்றதும் முகமூடி வெறுமையாகி அனைவரும் வெட்டப்படுவர். பழைய நிரலின் கருத்து காப்பாற்றப்பட்டது. ஆனால் காட்சியில் உண்மை போயிற்று. குழுவுக்குப் படிக்கும் இசைவு மட்டும் இருந்து, பெயர் சுட்டிய ஒருவருக்கு எழுதும் இசைவும் இருந்தால், வரிசையில் குழுவே எழுதலாம் என்பதுபோல் தோன்றும். வரியின் ஈற்றில் நிற்கும் ஒரு கூட்டல் குறி மட்டுமே எச்சரிக்கை. ஒரு பார்வையில் படிக்கலாம் என்னும் யூனிக்சின் தலையாய சிறப்பு, பட்டியலுக்காக விட்டுக்கொடுத்த ஒன்றாயிற்று.

பட்டியலும் சீட்டும்

மேற்கண்ட முறைகள் அனைத்தும் கேட்பவர் யார் என்று பார்த்து விடையளிப்பவை. ஜேக் டென்னிசும் ஏர்ல் வான் ஹார்னும் 1966இலேயே மாற்று வழியொன்றைக் காட்டினர். பட்லர் லாம்ப்சன் 1971இல் இரண்டையும் ஓர் அட்டவணையில் இணைத்தார்: நிரைகளில் இசைவு பெறுவோர், நிரல்களில் கோப்புகள். நெடுக்கில் வெட்டினால் கோப்புதோறும் பட்டியல். கிடையில் வெட்டினால் ஒவ்வொருவர் கையிலும் சீட்டுகள். நியாயவிலைக் கடையில் பொருள் பெறப் பெயர் அங்குள்ள பதிவில் இருக்க வேண்டும். பேருந்தில் நடத்துநர் பெயர் கேட்பதில்லை, சீட்டு இருந்தால் போதும். சால்ட்சரும் ஷ்ரோடரும் பட்டியல்வழி, சீட்டுவழி என்றே இவற்றைப் பிரித்தனர்.

சீட்டுவழியின் தேவையை நார்ம் ஹார்டி 1988இல் எழுதிய சிறு கட்டுரை தெளிவாக்கியது. நேரப்பகிர்வுச் சேவை நிறுவனம் ஒன்றில் நிரல்பெயர்ப்பி, பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களை அமைப்பு அடைவில் எழுத இசைவு பெற்றிருந்தது. பிழைதிருத்தச் செய்திகளை எந்தக் கோப்பில் இடலாம் என்று பயனர் பெயர் தரலாம். ஒரு பயனர் அதே அடைவில் இருந்த கட்டணக் கணக்குக் கோப்பின் பெயரைத் தந்தார். பயனருக்கு அக்கோப்பை எழுத இசைவில்லை, நிரல்பெயர்ப்பிக்கோ இருந்தது. கணக்கு அழிந்தது. நிரல் இரு எசமானருக்கு ஊழியம் செய்தது. எவர் கொடுத்த வலிமையை எப்பணிக்குப் பயன்படுத்துகிறோம் என்று சொல்ல அதற்கு வழியில்லை. பயனர் கோப்பின் பெயரை அல்லாமல் அதற்கான சீட்டையே கொடுத்திருக்க வேண்டுமென்றால், தம்மிடம் இல்லாத சீட்டை அவரால் கொடுத்திருக்க முடியாது. ஷெரின் துளையட்டையும் இதே வடிவினது.

2000 மே மாதம் மின்னஞ்சல் வழிப் பரவிய 'ஐ லவ் யூ' புழு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. இணைப்பைத் திறந்தவரின் படக்கோப்புகள் முதலியவற்றின்மீது அது தன்னையே எழுதிக்கொண்டது. பட்டியல்கள் செம்மையாக இருந்திருந்தாலும் தம் கோப்புகளை மாற்றும் இசைவு பயனருக்கு உண்டு; அவர் இயக்கிய நிரலுக்கும் உண்டு. எந்த விதியும் மீறப்படவில்லை.

நிரலுக்குக் காவல்

இசைவை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடாத கட்டாயக் கட்டுப்பாடு, 1973இல் பெல், லபாடுலா இருவரும் இராணுவ மறைபொருள் நிலைகளுக்கு வகுத்த மாதிரியிலிருந்து வளர்ந்தது. பொதுப் பயன்பாட்டுக்கு அது வேறு வடிவில் வந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்.இ.லினக்ஸ், மனிதரை விட்டு நிரலைப் பார்த்தது. ஒவ்வொரு இயங்கும் நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை. எம்முத்திரை எம்முத்திரையைத் தொடலாம் என்பதற்கு மையக் கொள்கை. ஒன்பது பிட்டும் இசைய வேண்டும், கொள்கையும் இசைய வேண்டும். வீட்டு அடைவிலிருந்து வலைச்சேவையக அடைவுக்கு ஒரு கோப்பை நகர்த்தினால் அதன் பழைய முத்திரை உடன்வரும். சேவையகம் அதைப் படிக்க மறுக்கும். பிட்டுகளோ எல்லாம் சரியாகவே தோன்றும். காரணம் புரியாமல் முறைமையையே அணைத்துவிடும் பழக்கம் இதனால் நிருவாகிகளிடையே பரவியது. 2010இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஆப்ஆர்மர், முத்திரைக்குப் பதிலாகக் கோப்பின் பாதையையே அளவுகோலாகக் கொண்டது. படிக்க எளிது, ஆனால் ஒரே கோப்புக்கு இரண்டு பாதைகள் அமையும்போது காவல் தளர்கிறது.

2008இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு வேறொரு வழியைக் கண்டது. கைப்பேசியைப் பயன்படுத்துபவர் ஒருவரே; ஆகவே யூனிக்சின் பயனர் எண் வேலையின்றி இருந்தது. அவ்வெண்ணை மனிதருக்கு வழங்காமல் செயலி ஒவ்வொன்றுக்கும் வழங்கினர். ஒரு செயலியின் கோப்பு மற்றொன்றுக்கு 'வேறொரு பயனரின்' கோப்பாயிற்று. இணைய அணுகல், வெளிச்சேமிப்பில் எழுதுதல் போன்ற இசைவுகள் சில அடித்தளத்தில் குழு உறுப்புரிமையாகவே செயல்பட்டன, 4.2 பி.எஸ்.டி. சேர்ந்தெழுதுவோருக்காகத் தந்த பல்குழு வசதி இங்கு வந்து பயன்பட்டது. மல்டிக்ஸ் அளவு நுட்பமில்லை என்று குறைகூறப்பட்ட அதே ஒன்பது பிட், பெயர்களின் பொருளை மட்டும் மாற்றியதும், கோடிக்கணக்கான கருவிகளில் செயலிகளைப் பிரித்து நிறுத்தியது. அது போதாத இடங்களுக்கு எஸ்.இ.லினக்ஸ் துணைவந்தது, 2014இன் 5.0 பதிப்பில் அது முழு அளவில் கட்டாயமாயிற்று.

எனினும் நிழற்படங்கள், ஆவணங்கள் முதலியன பல செயலிகளுக்கும் பொதுவாக வேண்டியவை. சேமிப்பட்டை பழைய டாஸ் காலத்து ஃபேட் முறையில் அமைந்ததால், அதற்கு உரிமையாளரும் இல்லை, பிட்டும் இல்லை. வெளிச்சேமிப்பு இசைவு பெற்ற செயலி அங்குள்ள அனைத்தையும் பார்க்கலாம். 2013இன் 4.4 பதிப்பு கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொதுத் திரை ஒன்றை அளித்தது. ஆப்பிளின் மேசைக் கணினிகளில் 2011 முதல் இதையொத்த ஏற்பாடு வந்திருந்தது. செயலி தானே கோப்பைத் தேடுவதில்லை. 'ஒரு கோப்பு வேண்டும்' என்று கேட்கிறது. இயங்குதளத்தின் திரை தோன்றுகிறது. பயனர் ஒன்றைத் தொடுகிறார். தொட்ட அந்தக் கோப்புக்கு மட்டும் செயலியிடம் ஓர் அணுகல் ஒப்படைக்கப்படுகிறது. பயனர் பெயர் எதுவும் எழுதப்படுவதில்லை, பட்டியல் எதுவும் திருத்தப்படுவதில்லை. டென்னிசும் வான் ஹார்னும் 1966இல் சொன்ன சீட்டு, விரல் தொடுகையின் வடிவில் கைமாறுகிறது; கோப்பின் ஒன்பது பிட்டுகள் மாறாமல் அப்படியே இருக்கின்றன.